அமானிதமாய் ஒரு தொழில்: நாட்டு மருந்துக் கடையில் கற்றதும் இழந்ததும்

(நமது அறக்கட்டளை நடத்திய தொழில் வழிகாட்டுதல் கூட்டத்தில், நெல்லையில் நாட்டு மருந்துக் கடை நடத்திவரும் மூத்த சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பொட்டலம் மடித்துக்கொண்டே பேசித்தான் பழக்கம். ஆகவே உரை என்று எதிர்பார்க்காமல், கடைக்கு வந்தவர்களிடம் நான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்துக் கேளுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். பட்டதாரி. "மாமா, நாட்டு மருந்துக்கு இப்ப நல்ல மவுசு இருக்கு. நானும் முடி வளர எண்ணெய், சுகருக்குப் பொடி எல்லாம் செஞ்சு போன்லயே விக்கலாம்னு இருக்கேன். நீங்க சாமான் மட்டும் கொடுங்க, செய்முறைய நான் வீடியோ பார்த்துக்கிடுதேன்" என்றார். அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அன்றைக்குப் பேசியதை எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டதால் இங்கே நிற்கிறேன். இந்தத் தொழிலுக்கு வராதீர்கள் என்று தடுக்க நான் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கடையும் சரக்கும்

கடையைத் தொடங்கியவர் என் பாட்டனார். அவருக்குப் பின் வாப்பா, வாப்பாவுக்குப் பின் நான். நாற்பது வருடம் ஆகிறது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி, கடுக்காய், வசம்பு, வாய்விடங்கம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், அக்கரகாரம் என்று நூற்றுக்கணக்கான சரக்குகள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பிரசவ மருந்து, கைக்குழந்தைக்கு உரை மருந்து, சாம்பிராணி, பூஜை சாமான் எல்லாம் நம் கடையில்தான். எல்லாச் சமுதாயத்து மக்களும் வருவார்கள். "பாய், வயிறு சரியில்ல, ஏதாவது கொடுங்க" என்று கை நீட்டுவார்கள். அந்த நீட்டிய கைதான் இந்தத் தொழிலின் முதல். அந்த நம்பிக்கைக்குக் கேடு வந்தால் கடையில் எவ்வளவு சரக்கு இருந்தும் பயனில்லை.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. நம் மாவட்டத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைவது நிலாவரை. அரபியில் ஸனா என்பார்கள். உலகச் சந்தையில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குப் போகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். நித்தியகல்யாணியின் இலையும் வேரும் நம் தென்மாவட்டங்களிலிருந்தே போகின்றன. இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து கிடைப்பது அந்தச் செடியிலிருந்துதான். விருதுநகர் மொத்த வியாபாரிகள், மதுரை கீழமாசி வீதி, சென்னை ராசப்ப செட்டி தெரு, இவையெல்லாம் இந்தச் சரக்கு கைமாறும் இடங்கள்.

ஆக, மூலிகைத் தொழில் என்றால் ஒரே வேலை அல்ல. பயிரிடுபவர் ஒருவர். சேகரித்துக் காயவைத்துத் தரம் பிரித்து விற்பவர் ஒருவர். மருந்தாகச் செய்பவர் ஒருவர். நோயாளியின் நாடியைப் பார்த்து, இன்னது கொடு என்று சொல்பவர் ஒருவர். இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. எனக்கும் அங்கேதான் தொடங்கியது.

சார்வாள்

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆக மாட்டேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் நடந்தது. எனக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்த வாத்தியார் ஒருவர். ஊரில் எல்லோரும் சார்வாள் என்றுதான் சொல்வோம். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். ஒரு நாள் கடைக்கு வந்தார். கண் மஞ்சளாக இருந்தது. "என்னப்பா, காமாலை போலத் தெரியுது. கீழாநெல்லி கொடு. ஒங்க பாட்டா கொடுத்து ஊர்ல எத்தனை பேருக்குச் சரியாயிருக்கு" என்றார்.

நானும் பச்சைக் கீழாநெல்லி வரவழைத்து அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் குடிக்கச் சொன்னேன். உப்பையும் எண்ணெயையும் தள்ளச் சொன்னேன். பத்து நாள் ஆனது. மஞ்சள் இறங்கவில்லை. "இன்னும் பத்து நாள் பாருங்க சார்வாள்" என்றேன். உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். அரிப்புக்கும் ஒரு பொடி மடித்துக் கொடுத்தேன். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். பத்தியத்தில் இருக்கிறார், இளைக்கத்தான் செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியே ஐந்து வாரம் போனது.

வெளியூரிலிருந்து வந்த மகன், அப்பாவைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. அது பித்தக்குழாயை அடைத்திருக்கிறது. அதனால்தான் காமாலை. அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்தில் சார்வாள் போய்விட்டார்.

ஐந்து வாரம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அது கொடிய நோய், முன்பே போயிருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று பின்னால் ஒரு மருத்துவரே என்னிடம் சொன்னார். ஆனால் அந்த ஐந்து வாரம் அவருக்கு உரியது. அதை நான் எடுத்துக்கொண்டேன். இது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

சில மாதம் கழித்து அவருடைய வீட்டம்மா சாம்பிராணி வாங்கக் கடைக்கு வந்தார்கள். என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அவர்களே பேசினார்கள். "நீ தெரிஞ்சா செஞ்சே? ஒன்னய நம்பித்தானே அவரு வந்தாரு" என்றார்கள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு மறந்திருப்பேன். இந்தச் சொல் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றிரவு வாப்பாவிடம் சொல்லி அழுதேன். அப்போது வாப்பா உயிரோடு இருந்தார்கள். "மருந்து தெரிஞ்சவன் நோய் தெரிஞ்சவன் ஆயிர மாட்டான். ஒனக்கு இலையத் தெரியும். அவரு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுட்டே" என்றார்கள்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதனால் வரும் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்து நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது. மத்ரஸாவில் சின்ன வயதில் கேட்டதுதான். அன்றைக்குத்தான் அது எனக்குச் சொல்லப்பட்டது என்று புரிந்தது.

காமாலை என்பது நோயின் பெயர் அல்ல, அடையாளம். கெட்ட தண்ணீரால் வரும் கல்லீரல் அழற்சி பெரும்பாலானவர்களுக்கு ஓய்வெடுத்தாலே சில வாரத்தில் தணிந்துவிடும். கீழாநெல்லி குடித்தவரும் தேறுவார், குடிக்காதவரும் தேறுவார். என் பாட்டனார் பெயர் வாங்கியதில் பெரும் பங்கு அப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் எலிக்காய்ச்சலாலும் காமாலை வரும். பித்தக்கல் அடைத்தாலும் வரும். கட்டி அழுத்தினாலும் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர், வலியில்லாத காமாலை, மலம் வெளுத்துப்போவது, உடம்பு அரிப்பது, எடை குறைவது. இந்த ஐந்தும் சார்வாளிடம் இருந்தன. ஐந்தையும் நான் பார்த்தேன், ஒன்றையும் நான் கேட்கவில்லை.

பெயர் ஒன்று, செடி வேறு

அதன் பிறகு கடையை மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வாப்பா விடவில்லை. "படி" என்றார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், என் இழுப்பறைச் சரக்கை ஒவ்வொன்றாகக் காட்டி, இது உண்மையில் எந்தச் செடி என்று கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டு வருடம் ஆனது. என் கடையில் பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருந்தவை கொஞ்சமல்ல.

பற்படாகம் என்று கேட்டால் நம்மூரில் ஒரு செடி கொடுப்பார்கள். கேரளத்தில் அதே பெயருக்கு வேறு செடி. வடநாட்டு யூனானி ஹகீம் ஷாஹ்தரா என்று மூன்றாவதாக ஒரு செடியைக் கொடுப்பார். மூவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய நூலைப் படித்துவிட்டு இன்னொருவருடைய கடையில் வாங்கினால் மருந்து மாறிப்போகும்.

இப்படி மாறிப்போவதால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த சம்பவம் ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை சேர்த்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. ஏறத்தாழ நூறு பேர். விசாரித்துப் பார்த்தால், சீன மொழியில் 'ஃபாங் ஜி' என்று முடியும் இரண்டு வேர்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்துவிட்டது. வந்தது ஆடுதீண்டாப்பாளைக் குடும்பத்துச் செடி. அதில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்று உறுதியான செய்தி.

ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் நம்மூர் வேலியோரத்தில் முளைப்பவை. இரண்டும் அந்தக் குடும்பம்தான். என் பாட்டனார் காலத்து இழுப்பறையில் இரண்டும் இருந்தன. உள்ளுக்குச் சாப்பிட அவற்றை இப்போது நான் கொடுப்பதில்லை. "ஒங்க தாத்தா கொடுத்தாரே" என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பாட்டனாருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்த பிறகு, அவர் பெயரைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

சீந்திலும் அப்படித்தான். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் சீந்தில் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள் சிலர், அதைக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக எழுதினார்கள். அது வேறு இனத்துக் கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரியோ, கடைக்காரனுக்கு இரண்டிலும் பாடம் உண்டு. கொடி எது என்று பார்த்து வாங்கு. குடிப்பவரின் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கொடு.

செடி சரியாக இருந்தாலும் வேலை முடிவதில்லை. சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டால் கையே கொப்பளித்துவிடும். சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகை பிரித்து, எது எத்தனை நாள் தாங்கும் என்றும் வகுத்திருக்கிறார்கள். குடிநீர் காய்ச்சினால் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் 3 மாதம். இளகம் 6 மாதம். எண்ணெய் ஒரு வருடம். இன்று கபசுரக் குடிநீரைக் காலையில் காய்ச்சிப் புட்டியில் ஊற்றி மறுநாள் வரை குடிப்பவர்களைப் பார்க்கிறேன். பழமை பழமை என்று பேசுகிறோம். பழமை சொன்ன கணக்கை மட்டும் விட்டுவிடுகிறோம்.

அத்தார்களும் முஹ்தஸிப்களும்

தம்பிகளே, இந்தக் கண்டிப்பு புதிதல்ல. அந்தக் காலத்து அரபு நகரங்களில் மூலிகையும் வாசனைப் பொருளும் விற்பவருக்கு அத்தார் என்று பெயர். சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்று அதிகாரி இருப்பார். 12-ஆம் நூற்றாண்டில் ஷைஸரி எழுதிய முஹ்தஸிப்களுக்கான கையேட்டில், மருந்துக் கடைக்காரர்கள் என்னென்ன கலப்படம் செய்வார்கள், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கே தனி அத்தியாயங்கள் இருக்கின்றன. எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகியும் மிளகில் பப்பாளி விதை கலப்பது நிற்கவில்லை!

மாலகாவில் பிறந்து 1248-இல் டமாஸ்கஸில் இறந்த இப்னுல் பைத்தார், ஸ்பெயினிலிருந்து வட ஆப்பிரிக்கா வழியாகச் சிரியா வரை பயணம் செய்து, செடிகளை முளைத்த இடத்திலேயே பார்த்து, ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்தார். ஒரே பொருளுக்கு எந்த மொழியில் என்ன பெயர் என்று எழுதிவைத்தார். பெயர்க் குழப்பம் ஆளைக் கொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் தமிழ்ச் சித்தர் மரபிலும், இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. மருந்தறிவு எப்போதும் மொழியும் ஊரும் கடந்து கைமாறியே வளர்ந்திருக்கிறது.

டெல்லியில் ஹகீம் அஜ்மல் கான் (1868–1927) பெரும் யூனானி வைத்தியர். அவர் பிறந்த பிப்ரவரி 11-ஐத்தான் யூனானி தினமாகக் கொண்டாடுகிறோம். தமது திப்பிய்யா கல்லூரியில் ஆய்வுத் துறைக்கு சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற வேதியியலாளரை அவர் அழைத்தார். அந்த விஞ்ஞானி சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, ஹகீம் சாஹிபின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இருதயத் துடிப்புக் கோளாறில் அது பயன்பட்டது. தம் மருந்தைச் சோதனைக்கு உட்படுத்துவது தம் மருந்துக்கு அவமானம் என்று ஹகீம் நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் நினைக்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது

இனி, வீட்டில் எண்ணெய் காய்ச்சி விற்கலாமா என்று கேட்ட தம்பிக்கு வருகிறேன்.

காய்ந்த சரக்கை அதன் பெயரிலேயே விற்பது வேறு. அதை மருந்தாகச் செய்து, பெயர் வைத்து, இன்ன நோய்க்கு என்று எழுதி விற்பது வேறு. இரண்டாவதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டப்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். அதற்கு முறையான இடம், தகுதியுள்ள ஆள், சோதனை வசதி எல்லாம் காட்ட வேண்டும். அடுக்களையில் காய்ச்சிய எண்ணெய்க்கு அந்த உரிமம் கிடைக்காது. உணவுப் பொருளாக, சத்துமாவாக, சுக்குக் காப்பிப் பொடியாக விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அதிலும் நோய் தீரும் என்று எழுதக்கூடாது.

விளம்பரத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தாலே குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை ஒரு வருடம் வரை சிறை. நீங்கள் போனில் அனுப்பும் செய்தியும் விளம்பரம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

வைத்தியம் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உரிய தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் வைத்தியம் பார்க்க முடியாது என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று தலைமுறை அனுபவம் இருக்கிறதே என்று எனக்கும் முதலில் வருத்தம்தான். பிறகு சார்வாளை நினைத்தேன். வருத்தம் போய்விட்டது.

படிக்க வழி இருக்கிறது. மருத்துவராக விரும்பும் பிள்ளைகளுக்குச் சித்தாவில் பி.எஸ்.எம்.எஸ்., யூனானியில் பி.யூ.எம்.எஸ். ஒரு வருடப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை வருடம். நீட் மதிப்பெண் தேவை. சித்தாவுக்குப் பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. யூனானி அரசுக் கல்லூரி அரும்பாக்கத்தில் இருக்கிறது. யூனானிக்கு விண்ணப்பிப்பவர்கள் மொழித் தகுதி என்ன கேட்கிறார்கள் என்று விவரக் குறிப்பேட்டில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு வருடம் படிக்க முடியாதவர்களுக்கு மருந்தாளுநர் பட்டயப் படிப்பு இருக்கிறது. நிலம் இருப்பவர்கள் மூலிகைப் பயிருக்குப் போகலாம். ஆனால் வாங்குபவர் யார் என்று எழுத்தில் உறுதி செய்யாமல் ஒரு ஏக்கர்கூட நடாதீர்கள். விளைந்த பின் விலை கேட்டுப் போனால் வியாபாரி சொன்னதுதான் விலை.

கடைக்காரனின் ஐந்து கேள்விகள்

கடை வைக்க விரும்புபவர்களுக்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். மருந்துக்கென்று யார் வந்தாலும் பொட்டலம் மடிக்கும் முன் ஐந்து கேள்வி கேட்பேன்.

யாருக்கு? வயது என்ன? பிள்ளைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றல்ல. கர்ப்பிணியா, பால் கொடுக்கிறாரா? ஆம் என்றால் சமையலறைச் சரக்குக்கு மேல் எதுவும் நான் கொடுப்பதில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரிடம் மிகவும் கவனம் தேவை. இரத்தக் கொதிப்பு உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா? தொண்டைக்கு நல்லது என்று நாள்தோறும் அதிமதுரம் சுவைப்பவர்களுக்குக் கொதிப்பு ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். எத்தனை நாளாக இந்தத் தொந்தரவு? நிலாவரை ஓரிரு நாள் மலச்சிக்கலுக்குச் சரி. மாதக்கணக்கில் அதையே கேட்டு வருபவருக்கு, மருத்துவரைப் பார்க்கும் வரை கிடையாது என்று சொல்லிவிடுவேன்.

காமாலை, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இரத்தம் கலந்த மலம், குழந்தைக்குக் காய்ச்சலோடு சோர்வு, ஆறாத புண், காரணமில்லாத எடைக்குறைவு. இவற்றுக்கு இங்கே மருந்து கிடையாது என்று கடையில் பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். வியாபாரம் போகாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் போனது. பிறகு, "பாய் கடையில கொடுக்க மாட்டேன்னு சொன்னாருன்னா விஷயம் பெருசு" என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். இப்போது அந்தப் பலகைதான் கடையின் பெயர்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, வெந்தயம் கேட்டு வருவார்கள். "மாத்திரைய நிறுத்திட்டீங்களா" என்று கேட்பேன். நிறுத்தியிருந்தால் கொடுக்க மாட்டேன். சிறு வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலின் போடும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. எந்த இலையும் அந்த இடத்தை நிரப்பாது. தாய்மார்கள் இதை அருள்கூர்ந்து மனதில் வையுங்கள்.

கருஞ்சீரகத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அதன் சிறப்பில் நமக்கு நம்பிக்கை இருக்கிறது. நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையைக் காட்டி, நோயாளியின் மாத்திரையைப் பிடுங்குகிற வியாபாரம் நடக்கிறது. மார்க்கத்தின் பெயரால் சரக்கை விற்பவர், சரக்கு பலிக்காதபோது மார்க்கத்தின் மீது பழி வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். குஸ்து என்று கேட்டு வரும் கோஷ்டம் இமயமலையில் அழிந்துவரும் செடி. காட்டிலிருந்து எடுத்ததைப் பன்னாட்டு வணிகம் செய்யவே தடை இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று பில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மூட்டுவலிக்கு மூன்றே நாளில் பலன் தரும் பொடி என்று யாராவது கொண்டுவந்து விற்கச் சொன்னால் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்து விற்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. மூலிகை மெல்ல வேலை செய்யும். பாய்ந்து வேலை செய்தால் சந்தேகப்படுங்கள்.

வரும்படி

கடைசியாக, எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி. இதில் பிழைக்க முடியுமா? முடியும். என் இரண்டு பெண் மக்களையும் இந்தக் கடைதான் படிக்க வைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சீக்கிரம் பணக்காரர் ஆகும் தொழில் அல்ல. சில சரக்கு வாரத்தில் தீரும். சில சரக்கு வருடத்தில் அரைக் கிலோகூடப் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர்களில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை வெயிலில் காட்டி மீண்டும் இழுப்பறையில் போடலாம், பார்ப்பவருக்குத் தெரியாது. வருடா வருடம் மூட்டை கட்டிக் குப்பையில் கொட்டுகிறேன். அந்த நஷ்டத்தையும் கணக்கில் வைத்துத்தான் விலை போட வேண்டும். அதைத் தாங்க முடியாதவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

அந்தத் தம்பி அன்றைக்கு எதுவும் வாங்காமல் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து, "மாமா, ஆறு மாசம் ஒங்க கடையில நிக்கட்டுமா? சம்பளம் வேண்டாம்" என்றார். சம்பளம் வாங்காமல் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டேன். இப்போது இழுப்பறையிலிருந்து சரக்கை எடுத்து முகர்ந்து, உடைத்து, சுவைத்துப் பெயர் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை ஒருவர் கண் மஞ்சளாக வந்து கீழாநெல்லி கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அந்தத் தம்பியே எழுந்து, "இதுக்கு இங்க மருந்து இல்லைங்க. ஆட்டோ கூப்பிடவா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றார்.

சார்வாளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. இருபத்தைந்து வருடம் கழித்து என் கடையில் கேட்டேன்.

மக்கள் நம்மிடம் நீட்டும் கை அமானிதம். அதில் மருந்தை வைப்பது சில சமயம் உதவி. வைக்காமல் சரியான இடத்துக்கு அனுப்பி வைப்பது சில சமயம் அதைவிடப் பெரிய உதவி. இரண்டையும் பிரித்தறியும் அறிவை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக.